நாலாவது வாரத்து ரசிகை

ஹெட்போனை மாட்டிக்கிட்டு பஸ்லயோ மெட்ரோலயோ போயிட்டு இருக்கீங்கன்னா, ஒரு சின்ன வேலை. அடுத்து வர்ற ஸ்டாப்பிங் பேரைக் கொஞ்சம் கவனிங்க.

அசோக் நகர் பக்கம் போனா இன்னமும் "உதயம் இறங்கு" என்றுதான் குரல் கேட்கிறது. 1983ல் திறந்த உதயம் தியேட்டரை 2024 பிப்ரவரியில் மூடியாச்சு. இடத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கிவிட்டது. மதுரையில் வழி கேட்டால் "தங்கம் தியேட்டர்கிட்ட" என்பார்கள். போய் நின்றால் பெரிய ஜவுளிக்கடை. கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது, அந்த ஹால் இல்லை. தியேட்டர் போன பிறகும் பேர் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டேங்குது.

நான் பெரம்பூர் பையன். எங்களுக்கு பிருந்தா. 1985ல் ரஜினி திறந்து வைத்த தியேட்டர், அதனால் ஏரியாவில் பாதிப்பேருக்கு அது 'ரஜினி தியேட்டர்'. 2025 மார்ச்சோடு அதுவும் முடிந்தது. கடைசி நாட்களில் நிறையப் பேர் போய் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நானும் வைத்தேன். சரி, இதுக்கு முன்னாடி நீ எப்ப கடைசியா அங்க படம் பார்த்தேன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூணு வருஷம் இருக்கும்.

ஆனா எங்க ஆயா அப்படி இல்லை. இந்த எபிசோடு அவங்களால வந்ததுதான்.

ஆயா படம் பார்க்கிற முறை இது. புதுப்படம் வந்தால் அன்னைக்குப் போகமாட்டாங்க. "கூட்டமா இருக்கும், பசங்க கத்துவானுங்க, ஒண்ணும் காதுல விழாது." முதல் வாரம் தெருவுல யாராவது போயிட்டு வருவாங்க. குழாயடியில், ரேஷன் கடையில், கதை பாதி வந்துடும். அழுகை உண்டா, குடும்பத்தோட பார்க்கலாமா, சண்டை ஜாஸ்தியா – எல்லாம் விசாரிச்சு முடிய ரெண்டு வாரம். அப்புறம் நாலஞ்சு பொம்பளைங்க சேர்ந்து ஒரு நாள் குறிப்பாங்க. காலையிலேயே குழம்பை இறக்கி வச்சிட்டு, மேட்னி ஷோ. நடந்தே போய், நடந்தே வருவாங்க. பெரும்பாலும் அது படம் வந்து மூணாவது, நாலாவது வாரமா இருக்கும்.

ஆயாவை நான் நாலாவது வாரத்து ரசிகைன்னு சொல்வேன். தியேட்டர்கள் ஏன் மூடுதுன்னு படிக்க ஆரம்பிச்சப்போ, கதையோட நடுவுல ஆயாதான் உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

கொஞ்சம் பின்னாடி போவோம்.

1905ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ரயில் போகிற ஊருக்கெல்லாம் படம் போனது. அவர் 1914ல் கோவையில் கட்டியதுதான் வெரைட்டி ஹால். சென்னையில் அதற்கு முந்தின வருஷம், 1913ல், மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்திருந்தார். அந்தக் கட்டடத்தை நீங்க இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம். அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள்ள, தபால்தலை சேகரிக்கிறவங்களுக்கான பிரிவா இருக்கு. 1914ல் ரகுபதி வெங்கய்யா என்ற புகைப்படக்காரர் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருத்தர் கட்டின முதல் தியேட்டர் அது.

ஆரம்பத்துல நகர்ந்தது தியேட்டர்தான், இதைக் கவனிங்க. கூடாரம் ஊருக்கு வரும், கொஞ்ச நாள் இருக்கும், போயிடும். பிறகு கட்டடங்கள் வந்தபோது அது தலைகீழாச்சு. தியேட்டர் ஒரே இடத்தில் நிற்க, படம் நகர ஆரம்பித்தது. ரெண்டுக்கும் நடுவில் டூரிங் கொட்டகை. கீற்றுக் கூரை, மணல் தரை, பின்னாடி பெஞ்சு, அதுக்கும் பின்னாடி சேர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. ஒரு படத்துக்கு மூணு, நாலு இடைவேளை. சாயங்காலம் ஸ்பீக்கரில் சாமி பாட்டு போட்டால், வயல்ல இருக்கிறவங்களுக்குக்கூட டிக்கெட் கொடுக்கப் போறாங்கன்னு தெரியும்.

இதையெல்லாம் ரொம்ப இனிப்பாகச் சொல்லிக்கொண்டே போகவும் முடியாது. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. கீற்றுக்கூரை. செத்துப்போனவர்கள் நிறையப் பேர், அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மலிவான டிக்கெட்டுக்கு மலிவான கூரை.

இப்ப மதுரைக்கு வாங்க. தியேட்டர் என்கிற தொழில் உச்சத்துல எப்படி இருந்துச்சுன்னு பார்க்க அதுதான் சரியான ஊர். 1937ல் தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி' வந்தது. அதில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். அதுக்குப் பேரும் சிந்தாமணிதான். ஒரு படம் ஒரு கட்டடமாக மாறுகிறது! இன்னைக்கு ஹிட் படத்தோட லாபத்துல யாராவது தியேட்டர் கட்டுவாங்களா? அடுத்து, 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது தங்கம் தியேட்டர். 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் இன்னைக்கும் சொல்வார்கள், மறுத்துப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். நான் மறுக்கல. ஒரு மால்ல இருக்கிற ஏழெட்டு ஸ்கிரீனையும் சேர்த்தால் வரக்கூடிய கூட்டத்தை ஒரே கூரைக்கு அடியில் உட்கார வைத்த இடம் அது.

இவ்வளவு பெரிய ஹாலை ஒருத்தர் எந்த தைரியத்தில் கட்டுவார்? தினமும் மூணு ஆட்டம், நாலு ஆட்டம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாயிரம் சீட்டு. இதை நிரப்ப முடியும் என்று நம்ப ஒரே காரணம், படத்துக்கு நேரம் இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளியைப் பார்த்தது. ரொம்பப் பழசா தோணுதா? 2005ல் வந்த 'சந்திரமுகி' சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளைத் தாண்டி ஓடியது. (படம் எடுத்ததும் தியேட்டர் வைத்திருந்ததும் ஒரே குடும்பம், அது வேற விஷயம்.) அந்த சாந்தியும் 2016ல் மூடியாச்சு.

படம் ஏன் இவ்வளவு நாள் ஓடியது? மக்கள் அப்போ பொறுமைசாலிகள் என்பதால் இல்லை. பிரிண்ட் குறைவு. ஒரு பிரிண்ட் போட, கடைசிக் காலத்தில், அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதனால் பெரிய நகரத்து தியேட்டர்களில், அதாவது 'ஏ சென்டரில்' முதலில் வரும். அங்கே ஓடி முடித்த பிரிண்ட் 'பி சென்டர்' என்கிற சின்ன நகரத்துக்கு. அப்புறம் 'சி சென்டர்' – கிராமம், டூரிங் கொட்டகை. அங்கே வரும்போது பிரிண்ட் முழுக்கக் கீறல் விழுந்து, படத்தில் எல்லா சீனிலும் மழை பெய்யும். நகரத்துக்குள்ளேயும் இதே வரிசைதான்: மவுண்ட் ரோட்டில் முதலில், நம்ம ஏரியாவுக்குப் பிறகு. சில இடத்தில் ஒரே பிரிண்டை ரெண்டு தியேட்டர் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே ஒரு ரீல் முடிந்ததும் ஒரு பையன் சைக்கிளில் எடுத்துக்கொண்டு அங்கே ஓடுவான். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தால் போச்சு, அந்த தியேட்டரில் விசில் கிழியும். "பொட்டி வந்தாச்சா?" என்பது ஊரே கேட்ட கேள்வி.

இதுதான் நான் சொல்ல வந்தது. அந்த வரிசை மக்களுக்கு எரிச்சல், சின்ன தியேட்டருக்கு அதுவே சோறு. ஏன்னா, மவுண்ட் ரோட்டுக்குப் போய்ப் பார்க்காதவங்க எல்லாரும் காத்திருந்து தன்கிட்டதான் வருவாங்கன்னு ஏரியா தியேட்டர் ஓனருக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. டிக்கெட் காசு முழுக்க தியேட்டருக்குப் போகாது. விநியோகஸ்தரும் தியேட்டரும் பங்கு போட்டுக்கணும். முதல் வாரம் பெரும் பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் ஏற ஏற தியேட்டரோட பங்கு கூடும். அதாவது முதல் நாள் பாலாபிஷேகம் பண்ணி, ஸ்கிரீன் முன்னாடி ஆடி, சீட்டைக் கிழிக்கிற ரசிகரோட காசில் தியேட்டருக்குக் கிடைக்கிறது கொஞ்சம். அமைதியாக வந்து, இடைவேளையில் முறுக்கு வாங்கிட்டுப் போற எங்க ஆயாவோட காசில் கிடைத்ததுதான் அதிகம். கேண்டீன் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்ட் குத்தகை – எல்லாம் தினசரி வர்ற கூட்டத்தை நம்பின வியாபாரம். மூணு நாள் திருவிழாவை நம்பினது இல்லை.

அப்புறம் டிஜிட்டல் வந்தது. இதில் நம்ம ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு: கியூப் என்கிற டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் முறையை உருவாக்கின ரியல் இமேஜ், சென்னை கம்பெனி. பிரிண்ட் செலவு போச்சு. படம் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போக முடிந்தது. சின்ன ஊர்க்காரர் மழை பெய்யாத படத்தை, சென்னைக்காரரோட அதே நாளில் பார்க்கிறார். இதைத் தப்புன்னு யார் சொல்ல முடியும்? நானும் சொல்லமாட்டேன். ஆனா அதோட வரிசையும் ஒழிஞ்சது. எல்லா தியேட்டரிலும் ஒரே வெள்ளிக்கிழமை ஒரே படம் என்றால், ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பார்க்க வேண்டியவங்க பார்த்து முடிச்சிடுவாங்க. திங்கட்கிழமை மேட்னிக்கு ஆயிரம் சீட்டு ஹாலில் முப்பது பேர். ஏசி ஓடணும், சம்பளம் கொடுக்கணும், டிஜிட்டல் கம்பெனிக்குக் கட்டணமும் போகணும். 2018ல் அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1லிருந்து ஏப்ரல் பாதி தாண்டியும் புதுப்படமே விடாமல் இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

"டிவிதானே தியேட்டரைக் கொன்னது?" என்று எங்க அப்பா கேட்டார். இல்லைன்னு முழுசா சொல்ல முடியாது. 1975ல் சென்னைக்கு தூர்தர்ஷன் வந்தது, பிறகு வீடியோ டெக், 1993ல் சன் டிவி, அதுக்கப்புறம் திருட்டு விசிடி. 2004ல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் போடலாம் என்று சட்டத்தையே திருத்தினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தியேட்டர்கள் விழுந்தன. 1964ல் திறந்த சபையர் வளாகம் 1994ல் மூடியது. மூணு தியேட்டர் ஒரே இடத்தில், நம்ம ஊரோட முதல் மல்டிபிளக்ஸ் என்று அதைச் சொல்லலாம். அதில் ப்ளூ டயமண்ட்னு ஒண்ணு இருந்தது. இடைவிடாமல் ஓடும், எப்ப வேணும்னாலும் உள்ளே போய் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரலாம். சித்திரை வெயிலுக்கு ஏசியில் தூங்கவே போனவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன், நம்புகிறேன். ஆனால் அந்த அடிகளை எல்லாம் தாங்கி நின்ற தியேட்டர்களும் நிறைய இருந்தன. பிருந்தா இருந்தது, உதயம் இருந்தது. கொரோனாவில் 2020 மார்ச்சிலிருந்து நவம்பர் வரை பூட்டிக் கிடந்த பிறகு சிலது திறக்கவே இல்லை. வடபழனி ஏவிஎம் ராஜேஸ்வரி, தண்டையார்பேட்டை அகஸ்தியா அந்த வருஷத்தோடு போனவை. பூட்டியிருந்த அதே சமயத்தில் 'பொன்மகள் வந்தாள்' நேரா ஓடிடியில் வந்தது. இப்போ தியேட்டருக்கு வர்ற பெரும்பாலான தமிழ்ப் படம் எத்தனை வாரத்தில் ஓடிடிக்கு வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

நாலு வாரம்.

ஆயாவோட நாலாவது வாரம் அப்படியே ஒரு ஆப்புக்குப் போயிடுச்சு.

மீதியை நிலம் பார்த்துக்கொண்டது. ஆயிரம் பேர் உட்காரும் ஹால், வண்டி நிறுத்த இடம், எல்லாம் சேர்ந்து நகரத்தின் நடுவில் எத்தனை கிரவுண்டு! வாரத்தில் மூணு நாள் மட்டும் சம்பாதிக்கிற கட்டடத்தை, ஃபிளாட் கட்டிக் கொடுக்கிறேன் என்று வருகிறவரிடமிருந்து ஓனர் எத்தனை வருஷம் காப்பாற்றுவார்? உதயம் அண்ணன் தம்பிகள் சேர்ந்து கட்டின தியேட்டர். அடுத்த தலைமுறைக்கு வரும்போது பங்குதாரர்கள் பெருகிடுவாங்க. ஒருத்தர் விற்கணும்னு சொன்னா போதும். ஓனரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்ட நானே மூணு வருஷம் போகலையே.

மல்டிபிளக்ஸ் வந்துச்சு இல்ல, அப்புறம் என்ன? வந்தது. நல்ல சீட்டு, நல்ல சவுண்டு, சுத்தமான பாத்ரூம். இதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. பேர் சொல்ல விரும்பாத ஒரு ஏரியா தியேட்டரில் மூட்டைப்பூச்சி கடிச்சு இடைவேளையில் எழுந்து வந்தவன் நான். என் அக்கா காலேஜ் படிக்கும்போது ஃபிரண்ட்ஸோட அந்த தியேட்டருக்குப் போகவே பயப்படுவாள். மால்னா வீட்டில் கேள்வி இல்லாமல் விட்டார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனா கணக்கைப் பாருங்க. சென்னை மல்டிபிளக்ஸில் 2017 வரைக்கும் அதிகபட்ச டிக்கெட் 120 ரூபாய். முன் வரிசையில் 10 ரூபாய் டிக்கெட்டும் கட்டாயம் உண்டு. நம்மில் பல பேர் கழுத்தை ஒடித்துக்கொண்டு அதில் பார்த்தவர்கள்தான். இப்போ வரியோட 180க்கு மேல், ஆப்பில் புக் பண்ணினால் அதுக்கு ஒரு கட்டணம். பாப்கார்ன் பற்றிப் பேச வேண்டாம், நல்ல மூடில் இருக்கேன். ஆயாவும் அவங்க தோழிகளும் அஞ்சு பேர் போனால் ஆயிரத்தைத் தாண்டும், ஆட்டோ தனி. மாசம் ரெண்டு படம் பார்த்துக்கிட்டு இருந்தவங்க இவங்க.

காசு மட்டுமில்லை. பழைய தியேட்டரிலும் தரை டிக்கெட், பால்கனி என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். எல்லாரும் சமமா உட்கார்ந்தாங்கன்னு கதை விட மாட்டேன். ஆனாலும் ஒரே கூரை, ஒரே இருட்டு, ஒரே ஜோக்குக்கு ஒரே நேரத்தில் சிரிப்பு. இப்போ யார் உள்ளே வரலாம் என்பதை வாசலிலேயே முடிவு பண்ணிடறாங்க. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தின வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. வீடியோ பரவின பிறகுதான் அவ்வளவு சத்தம். அதுவரை எத்தனை பேர் வீடியோ இல்லாமல் திரும்பிப் போனார்களோ.

எல்லா தியேட்டரும் செத்துப்போச்சுன்னும் சொல்லக் கூடாது. காசினோ 1941லிருந்து இருக்கிறது. தேவி 1970லிருந்து. குரோம்பேட்டை வெற்றி, திருநெல்வேலி ராம் மாதிரி சில தியேட்டர்கள் புது புரொஜெக்டர், புது சவுண்டு போட்டு, முதல் நாள் கொண்டாட்டத்தையே தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டன. பால்கனியைத் தனி ஸ்கிரீனாகத் தடுத்துப் பிழைத்தவர்களும் உண்டு. அப்புறம் 2024 ஏப்ரலில் ஒரு வேடிக்கை நடந்தது. இருபது வருஷப் பழைய 'கில்லி'யை மறுபடி போட்டார்கள். எல்லாருக்கும் வசனம் மனப்பாடம், டிவியில் மாசம் ஒரு தடவை வருகிற படம். ஹவுஸ்ஃபுல். பழைய நாட்களில் இதுக்கு 'செகண்ட் ரன்' என்று பேர், ஏரியா தியேட்டர்களின் அன்றாட வேலையே இதுதான். நாம இப்போ அதை ஈவென்ட் ஆக்கிட்டோம்.

ஆயா கதையை முடிச்சிடறேன். பிருந்தா மூடின பிறகு ஒரு நாள், "வா ஆயா, மால்ல ஒரு படம் வந்திருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முகத்தில் சந்தோஷம்தான். ஆனா உடனே கிளம்பல.

"இரு. எதிர் வீட்டு அம்மா பார்த்துட்டு வந்து சொல்லட்டும்."

எதிர் வீட்டு அம்மாவுக்கு முதல் வாரம் முடியல. ரெண்டாவது வாரம் பார்த்துட்டு வந்து, நல்லா இருக்கு, கடைசியில அழுகை உண்டுன்னு சொல்லியாச்சு. ஆயா ஒரு புதன்கிழமையைக் குறிச்சாங்க. நான் ஆப்பைத் திறந்தேன். சென்னை முழுக்க மூணு ஷோ காட்டியது. பக்கத்தில் இருப்பது என்று பார்த்தால் ஓ.எம்.ஆர்., ராத்திரி 10.40.

"படம் போயிடுச்சு ஆயா."

"எங்க போச்சு? இப்பதானே வந்துச்சு?" என்றார்கள். போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். அப்புறம் குழம்பை இறக்கி வைக்கப் போயிட்டாங்க.

உங்க ஏரியாவில் இப்போ இல்லாத ஒரு தியேட்டர் பேரில் இன்னமும் பஸ் நிற்குதா? வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க. கடைசியா அங்க யாரோட போனீங்கன்னும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் போடறேன்.